பாவித்த டூ-ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சினைத் தெரிவு செய்தல்: கொழும்பில் படகு வைத்திருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறக் கரையோரங்களிலும் பாவித்த வெளியிணைப்பு எஞ்சின், அதாவது படகின் பின்புறத்தில் வெளியே பூட்டும் எஞ்சின், விற்கப்படும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சினை ஒரு பலகையிலோ தண்ணீர்ப் பீப்பாவிலோ பூட்டி, கயிற்றை ஓரிரு தடவை இழுத்து, அது புகையோடு உறுமத் தொடங்கியதும் விலையைச் சொல்வார்கள். அந்த ஓசையைக் கேட்டு முற்பணம் கொடுத்துவிடுவோர் பலர். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அமைப்பில் எளிமையானது. சிலிண்டர் தலையில் வால்வுகளோ அடித்தொட்டியில் தனி எண்ணெயோ இல்லாதது. அதனால் பாதி தேய்ந்துபோன நிலையிலும் சுமை இல்லாதபோது இலகுவாக ஓடிக் காட்டிவிடும். அதே எளிமை வாங்குபவருக்கும் உதவுகிறது. அதன் பெரிய குறைகள் அனைத்தையும் தலைப்பகுதியைப் பிரிக்காமலே, சில சிறு கருவிகளோடும் ஒரு முற்பகல் நேரப் பொறுமையோடும் கண்டுபிடித்துவிடலாம். கவனம் முழுவதும் செல்ல வேண்டிய இடங்கள் மூன்று: சிலிண்டரின் அமுக்கம், குளிர்விக்கும் நீர் செல்லும் பாதை, அடியிலுள்ள கியர்ப் பெட்டி.

டூ-ஸ்ட்ரோக் உங்களுக்குப் பொருந்துமா

எடை குறைவு என்பதே இவ்வகை எஞ்சினின் முதல் பலம். யமஹாவின் 15 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறத்தாழ 36 கிலோகிராம் எடையுள்ளது; அதே வலுவுள்ள நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் 50 கிலோகிராமைத் தாண்டும். ஒவ்வொரு நாளும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து கரையேற்றும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. எஞ்சினுக்குள் இருக்கும் பாகங்கள் குறைவு, திருத்தத் தெரிந்தவர்கள் கரையோரமெங்கும் இருக்கிறார்கள் என்பவை மற்ற பலங்கள்.

பலவீனங்களையும் அறிந்தே வாங்க வேண்டும். காபரேட்டர் உள்ள டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், எரிபொருளின் கணிசமான பங்கு, கால்வாசியை எட்டும் அளவுக்குக்கூட, எரியாமலே புகைவழியாக நீரில் கலந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1998 முதல் 2006 வரை படிப்படியாக இறுக்கப்பட்ட புகை விதிகளால் இவ்வகைப் புதிய எஞ்சின்கள் அங்கே சந்தையிலிருந்து மறைந்ததற்குக் காரணம் இதுதான். பொல்கொடை வாவியில் மட்டும், வாரத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு உலாவப் படகு வைத்திருப்பவராயின், சற்றுக் கூடுதலாகச் செலவழித்து நான்கு-ஸ்ட்ரோக் வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. தொழிலுக்குப் போகும் படகு, அடிக்கடி கழற்றிப் பூட்டும் படகு, கரையிலேயே திருத்த வேண்டிய படகு ஆகியவற்றுக்கு டூ-ஸ்ட்ரோக் இன்றும் நல்ல தெரிவு.

எஞ்சினுக்கு முன் படகை அளந்துகொள்ளுங்கள்

படகின் பின்புறமான கடையார்ப் பக்கத்தில் எஞ்சின் பூட்டும் பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை நேர்கீழாக அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். வெளியிணைப்பு எஞ்சின்களின் ஷாஃப்ட் நீளம் பொதுவாக 15, 20, 25 அங்குலம் என்ற மூன்று அளவுகளில் வருகிறது. எஞ்சினைப் பலகையில் பிடித்திருக்கும் கொளுவியின் உட்புறத்திலிருந்து புரொப்பெல்லருக்கு மேலே படுத்திருக்கும் தட்டு வரையுள்ள தூரமே அந்த அளவு. எஞ்சினைப் பூட்டிய பின் அந்தத் தட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் வரை தாழ்ந்தோ இருக்க வேண்டும். நீளம் குறைந்தால் அலையில் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுழலும். கூடினால் நீரின் தடை அதிகரித்துப் படகு மெதுவாகும், எரிபொருளும் கூடச் செலவாகும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நீளம் பொருந்தாத எஞ்சினை வாங்காதீர்கள். பிறகு பலகையை வெட்டுவதும் உயர்த்துவதும் படகின் பலத்தையே கெடுக்கும்.

வலுவைப் பொறுத்தவரை, 12 முதல் 14 அடி வரையுள்ள சிறு படகுக்கு 5 முதல் 15 குதிரைவலு போதும். 18 அடிக்கு மேற்பட்ட பைபர் படகுகளில் 9.9 முதல் 25 வரையும், ஆழக்கடலை நோக்கிச் செல்வோர் 40 வரையும் பூட்டுகிறார்கள். படகில் அதிகபட்ச வலு பொறிக்கப்பட்டிருந்தால் அதை மீற வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில உற்பத்தியாளர்கள் 9.9, 15 ஆகிய இரு வலுக்களையும் ஒரே அளவுள்ள சிலிண்டர்களிலிருந்து எடுக்கிறார்கள். யமஹாவில் இரண்டுமே 246 கன சென்ரிமீற்றர். வெளிமூடி மாற்றிப் பூட்டக்கூடியது என்பதால், மூடியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாமல், கொளுவியில் ஆணியடித்துப் பதித்திருக்கும் தகட்டிலுள்ள மாதிரி எண்ணையே வாசிக்க வேண்டும்.

பெயரும் எரிபொருளும்

உதிரிப்பாகம் கிடைக்கும் எஞ்சினே நல்ல எஞ்சின். இலங்கையின் கரையோரங்களில் யமஹா, சுசுகி ஆகிய இரண்டும் பரவலாக இருப்பதால் அவற்றின் பாகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜோன்சன், எவின்ரூட் எஞ்சின்கள் பலமானவைதான். எனினும் எவின்ரூட் வெளியிணைப்பு எஞ்சின்களின் உற்பத்தியை உரிமை நிறுவனம் 2020 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. பழைய மரினர் எஞ்சின்களில் சில உண்மையில் யமஹா தயாரித்தவை. அவ்வகையைச் சரியாக அடையாளம் காணத் தெரிந்தவருக்கு அது மலிவான, நல்ல வாய்ப்பு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாக வந்திறங்கிய எஞ்சின்களும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவை இப்போது இருபது ஆண்டு பழையவை என்பதை நினைவில் வைத்தே விலை பேச வேண்டும்.

மண்ணெண்ணெய் எஞ்சின்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உற்பத்தியாளரே மண்ணெண்ணெய்க்கென்று செய்த எஞ்சின்கள் உண்டு. மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகக் குறைவு என்பதால் அவற்றில் அமுக்க விகிதம் தாழ்த்தப்பட்டிருக்கும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றுவார்கள். இவை நம்பத்தக்கவை. ஆனால் சாதாரண பெட்ரோல் எஞ்சினை, தலையின் கீழ் மேலதிக கேஸ்கட் வைத்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டியவையும் சந்தையில் இருக்கின்றன. அப்படி ஓடிய எஞ்சினில் உள்வெடிப்பு ஏற்பட்டு, பிஸ்டனின் விளிம்பும் ரிங்குகளும் காலப்போக்கில் நொறுங்கும். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிய பின், மண்ணெண்ணெயில் ஓட்டுவதன் இலாபம் முன்பிருந்த அளவில் இல்லை. ஆகவே மாற்றம் செய்யப்பட்ட எஞ்சினை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. எரிபொருள் குழாயில் இரு வழிக் குழாய்த்திறப்போ அதன் அடையாளமோ இருந்தால், அது எந்த மாதிரி என்று தகட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

போகுமுன் செய்ய வேண்டியவை

விற்பவருக்குத் தொலைபேசியில் ஒரே ஒரு வேண்டுகோளை வையுங்கள்: "அண்ணன், நான் வரும்வரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." சூடான எஞ்சின் பெரும்பாலும் எவர் இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகும், குளிர்ந்த எஞ்சினே தன் உண்மை நிலையைக் காட்டும். போய்ச் சேர்ந்ததும் மூடியைத் திறந்து சிலிண்டர் தலையில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: அமுக்க மானி, பிளக் ஸ்பானர், அகன்ற முனைத் திருகாணிச் சாவி, டோர்ச், வெள்ளைக் கடதாசி, கந்தைத்துணி, கியர் எண்ணெய் திருகாணிக்குப் போடும் புதிய வாஷர்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அமுக்க மானியை விலைக்கு வாங்கலாம், தெரிந்த கராஜில் ஒரு நாளைக்கு இரவலும் கேட்கலாம். எஞ்சின் அறிந்த ஒருவர் கூட வந்தால் மிக நன்று. அவரது அன்றைய கூலி, பின்னர் மாற்ற வேண்டிவரும் ஒரு கிராங்க் ஷாஃப்ட்டின் விலைக்கு முன்னால் அற்பமானது.

வெளித்தோற்றத்தில் எதைப் பார்ப்பது

புதுப் பெயின்ட் அடித்த எஞ்சினைச் சந்தேகத்தோடு அணுகுங்கள். பழைய, மங்கிய, ஆனால் உற்பத்தியாளரின் அசல் பெயின்ட் இருக்கும் எஞ்சின் மேலானது. உப்பு அரிப்பு பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளமாகத் தெரியும், அதை மறைக்கவே புதிதாகப் பூசுவது வழக்கம். கியர்ப் பெட்டியருகிலும் கொளுவியிலும், எஞ்சினின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்று பூட்டியுள்ள துத்தநாகக் கட்டியைத் தேடிப் பாருங்கள். அது பாதியளவு கரைந்திருந்தால் தன் வேலையைச் செய்திருக்கிறது. முற்றாகக் கரைந்து, மாற்றப்படாமல் இருந்தால் அதன் பின் அரிக்கப்பட்டது எஞ்சினின் அலுமினியமே. கட்டியின் மேலும் பெயின்ட் பூசியிருந்தால், அந்த எஞ்சினை வைத்திருந்தவருக்கு அதன் பயன் தெரிந்திருக்கவில்லை என்று கொள்ளலாம்.

போல்ட் தலைகளைப் படிக்கப் பழகுங்கள். கியர்ப் பெட்டியை மேற்பகுதியோடு இணைக்கும் போல்ட்களில் ஸ்பானர் தழும்பு இருப்பது நல்ல அறிகுறி. யாரோ ஒருவர் அதை இறக்கித் தண்ணீர்ப் பம்பைப் பார்த்திருக்கிறார் என்பதே அதன் பொருள். அந்தப் போல்ட்கள் தொழிற்சாலையில் பூட்டியபடியே உப்பேறி இறுகியிருந்தால், பம்ப் ஒருபோதும் மாற்றப்படவில்லை. கழற்றும்போது போல்ட் முறியவும் கூடும். சிலிண்டர் தலைப் போல்ட்களில் தழும்பு இருந்தால் ஏன் திறந்தீர்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் குறையில்லை.

கொளுவித் திருகுகள் கையால் சுற்றுகின்றனவா, எஞ்சின் இருபக்கமும் தங்குதடையின்றித் திரும்புகிறதா, சாய்த்தால் பூட்டிக்கொண்டு நிற்கிறதா என்பவற்றையும் பாருங்கள். கியர்ப் பெட்டியின் அடியில் நீண்டிருக்கும் துடுப்பு போன்ற தகட்டின் நுனி உடைந்திருந்தால் கவலையில்லை, ஒட்டவைக்கலாம். ஆனால் கியரை நடுநிலையில் வைத்துப் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுழற்றும்போது ஷாஃப்ட்டின் நுனி வட்டமடித்தால் அது வளைந்துள்ளது. அத்தகைய எஞ்சினில் எண்ணெய்ச் சீலும் நீண்ட நாள் நிலைக்காது.

மூடிக்குள் மூலைகளில் மணலோ சேறோ படிந்திருப்பது, ஃபிளைவீலின் அடியில் செந்துரு, வயர் இணைப்புகளில் பச்சை நிறப் பூப்பு ஆகியவை ஒன்றாகத் தெரிந்தால் எஞ்சின் ஒருமுறை மூழ்கியிருக்கிறது. மூழ்கிய சில மணி நேரத்துக்குள் கழுவி, எண்ணெய் விட்டு ஓட்டப்பட்ட எஞ்சின் தப்பிவிடும். நாட்கணக்கில் உப்பு நீரோடு கிடந்ததில் கிராங்க் பேரிங்குகள் உள்ளுக்குள் துருவேறியிருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பேரிங்குகளுக்குப் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய் மட்டுமே உயவு என்பதால், துருப்பிடித்தவை மீள்வதில்லை. ஃபிளைவீலை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கையில் உணரப்பட்டால் பேச்சை அத்துடன் நிறுத்தலாம்.

பிளக்கும் அமுக்கமும்

பிளக்குகளைக் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து எது வந்தது என்ற ஒழுங்கில் வெள்ளைக் கடதாசியில் வையுங்கள். இளம் மண்ணிறம் சரியானது. வெண்ணிறம் கலவையில் எரிபொருள் குறைந்து எஞ்சின் அதிகம் சூடேறியதைக் காட்டும். ஈரமான கருமை அச்சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதைக் காட்டும். ஒரு பிளக் மட்டும் கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். பிளக் துளைவழியே டோர்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் தலையும் கரி படியாமல் பளபளத்தால், கேஸ்கட் வழியாக நீர் உள்ளே கசிந்து ஆவியாகி அதைக் கழுவிக்கொண்டிருக்கிறது. பிளக்குகள் புத்தம் புதியவையாக இருந்தால் பழையவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து அமுக்கம். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிய நிலையில், பாதுகாப்பு வாரைப் பிடுங்கி மின்பொறியை நிறுத்தி, மானியைத் துளையில் இறுக்கமாகப் பூட்டி, திறொட்டிலை இயன்றவரை முழுதாகத் திறந்து, ஊசி மேலும் ஏறாத வரை கயிற்றை நான்கைந்து தடவை பலமாக இழுக்க வேண்டும். பெட்ரோலில் ஓடும் பெரும்பாலான டூ-ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சின்களில் 90 முதல் 130 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரை வரும். மண்ணெண்ணெய் எஞ்சினில் அதைவிடக் குறையும், அது இயல்பே. மானிக்கு மானி எண் மாறும் என்பதால், சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தையே முக்கியமாகக் கொள்ளுங்கள். இரண்டும் 105, 108 என்று நின்றால் திருப்தி. ஒன்று 115, மற்றது 85 என்றால், ஓடும்போது எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் குறைந்த சிலிண்டரில் ரிங் ஒட்டியோ சுவர் கீறியோ இருக்கிறது. பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் உள்ள எஞ்சினைப் பிரித்துத் திருத்தும் செலவை விலையிலிருந்து கழிக்காமல் வாங்கக் கூடாது.

கியர்ப் பெட்டி: எண்ணெயின் முதல் சொட்டு

விலை கூடிய பாகங்கள் இங்கேதான் இருக்கின்றன, வாங்குபவர்கள் திறந்து பார்க்கத் தயங்குவதும் இங்கேதான். எஞ்சின் நிமிர்ந்த நிலையில் ஓர் இரவாவது நின்றிருக்க வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அது அடியில் தங்கிவிடும். கீழ்த் திருகாணியின் கீழே வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, திருகாணியை முழுதாகக் கழற்றாமல் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முதலில் வரும் சொட்டைப் பாருங்கள். அது தெளிந்த நீராக ஓடிக் கடதாசியில் நனைந்து பரவினால் சீல் போய்விட்டது. பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில் வந்தால் நீரோடு கலந்தபடியே எஞ்சின் ஓடியிருக்கிறது. கருமையாக, தீய்ந்த வாடையோடு வந்தால் எண்ணெய் பல காலம் மாற்றப்படவில்லை. விரல்களிடையே தேய்த்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது தெரியும் மிக நுண்ணிய சாம்பல் நிறப் பொடி வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் உலோகச் சில்லு பல்சக்கரம் உடைந்ததன் அடையாளம்.

எண்ணெய் பொன்னிறமாக, புதிதாக இருந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. நேற்று மாற்றியிருக்கலாம். அப்போது தண்ணீரில் ஒரு மணி நேரம் ஓட்டிய பின், சற்று நேரம் நிற்கவிட்டு மீண்டும் தளர்த்திப் பாருங்கள்.

சீல் பழுதாவதற்கு நம் கரையோரத்தில் மிகச் சாதாரணமான காரணம் தங்கூசி நூல். கடலில் அறுந்து மிதக்கும் நூல் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, சூடேறி, சீலின் விளிம்பை அறுத்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் அங்கே பார்ப்பது ஐந்து நிமிட வேலை. சீல் மட்டும் போயிருந்தால் திருத்தச் செலவு சிறிது. நீரோடு நீண்ட காலம் ஓடிப் பேரிங்கும் போயிருந்தால் எஞ்சினின் பாதி விலை.

கியரையும் இப்போதே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்திய நிலையில், நடுநிலையில் புரொப்பெல்லர் இரு பக்கமும் சுழல வேண்டும். முன்கியரில் ஒரு பக்கம் பிடித்து நிற்க வேண்டும். பின்கியரில் அசையக் கூடாது.

நீர் ஓடும் பாதை

பின்புறத்தில் சிறு துவாரத்தால் பீறிடும் நீரைக் காட்டி, பம்ப் நன்றாக இருக்கிறது என்பார்கள். அந்த நீர் பம்ப் வேலை செய்வதை மட்டுமே காட்டுகிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள பாதையில் உப்பு கல்லாக இறுகியிருந்தாலும் துவாரத்தால் நீர் வந்துகொண்டிருக்கும். எனவே பீப்பாவில் பதினைந்து நிமிடம் மெதுவோட்டத்தில் ஓடவிட்டு, சிலிண்டர் தலையின் மேலும் கீழும் கை வைத்துப் பாருங்கள். சில நொடிகள் கையை வைத்திருக்க முடிய வேண்டும். ஓரிடம் மட்டும் தொட முடியாதபடி கொதித்தால் அங்கே அடைப்பு இருக்கிறது. களனி கங்கை முகத்துவாரத்திலும் நீர்கொழும்புக் களப்பிலும் ஓடிய எஞ்சின்களில் மணலால் பம்பின் கூடும் தகடும் தேய்ந்திருப்பது வழக்கம். தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்து காட்ட விற்பவர் முனைந்தால் உடனே தடுத்துவிடுங்கள். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இறப்பர் இம்பெல்லர் உலர்ந்து ஓடினால் மிக விரைவில் கருகிவிடும்.

சுமையோடு ஓட்டிப் பார்த்தல்

படகில் பூட்டி ஓட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றால் கொழும்புக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அக்காலத்தில் ஹமில்டன் கால்வாய், பொல்கொடை வாவி, நீர்கொழும்புக் களப்பு போன்ற அமைதியான நீரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டுங்கள். வேகம் சீராக நிற்க வேண்டும். ஓசை கூடியும் படகு முன்னேறாவிட்டால் புரொப்பெல்லரின் நடு இறப்பர் வழுக்குகிறது. முன்கியர் தானாக விடுபட்டுப் பாய்ந்தால் கியர்ப் பற்கள் உருண்டுவிட்டன. சுழற்சி மானி இருந்தால் முழு வேகத்தில் உற்பத்தியாளர் குறித்த எல்லைக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். யமஹா 15க்கு அது நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று. பின்னர் மெதுவோட்டத்துக்குக் குறைத்து, நிறுத்தி, சூட்டோடே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் நன்றாக வந்து சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் எஞ்சினில் பெரும்பாலும் மின்பொறிப் பாகங்கள் பலவீனமாக இருக்கும். அவை விலை கூடியவை.

பத்திரமும் பணமும்

எஞ்சின் திருட்டு நம் கரையோரத்தில் பழைய துயரம். தொடர் இலக்கம் சுரண்டப்பட்டிருந்தாலோ தகட்டின் ஆணிகள் புதியவையாக இருந்தாலோ வாங்காதீர்கள். மீன்பிடிப் படகில் பூட்டியிருந்ததாயின், கடற்றொழில் திணைக்களப் பதிவு ஆவணங்களை விற்பவரிடம் கேட்டு இலக்கத்தை ஒப்பிடுங்கள். பற்றுச்சீட்டில் மாதிரி, தொடர் இலக்கம், திகதி, தொகை, விற்பவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், இருவரின் கையொப்பம் ஆகியவை இருக்கட்டும். விலை பேசும்போது மேலே கண்ட ஒவ்வொரு குறைக்கும் உதிரிப்பாகத்தின் அன்றைய விலையைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் இருதரப்புக்கும் மனத்தாங்கல் வராது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்

எந்த வாக்குறுதி தரப்பட்டிருந்தாலும் இம்பெல்லர், பிளக்குகள், கியர் எண்ணெய், எரிபொருள் வடி, துத்தநாகக் கட்டி ஆகியவற்றை முதல் ஓட்டத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். கியர் எண்ணெயைக் கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழியும் வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கும். பெட்ரோலில் கலக்க, நீரால் குளிரும் எஞ்சின்களுக்கான டி.சி.டபிள்யூ-3 தர எண்ணெயையே வாங்குங்கள். முச்சக்கரவண்டிக்கு ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் இதற்கு ஏற்றதல்ல. உற்பத்தியாளர் 50க்கு 1 என்று சொல்லியிருந்தால் 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர்ப் பீப்பாவில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். முதல் பத்து மணி நேர ஓட்டத்தின் பின் கியர்ப் பெட்டியின் கீழ்த் திருகாணியை மறுபடி அரைச் சுற்றுத் தளர்த்தி, வெள்ளைக் கடதாசியில் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். அது பொன்னிறமாகவே இருந்தால் அடுத்த மாற்றத்தை நூறு மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ, எது முந்துகிறதோ அதற்கு, தள்ளி வைக்கலாம்.